இருபத்துமூன்று தலைவர்களும் ஒரு குசினிச் சுவரும்

புத்தளத்தில் களப்புக்கரையோரம் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி நிற்கிறது. அதை ஒல்லாந்தர் கட்டினார்கள் என்று ஒரு கட்சி. இல்லை, பின்னால் வந்த வெள்ளைக்காரன் கட்டினான் என்று மறு கட்சி. யார் கட்டினாலும், அதன் தெற்குச் சுவரோடு ஒட்டித் தன் குசினியை இறக்கியவர் ஜுனைதாவின் வாப்பா. அதனால் ஜுனைதாவின் குசினிக்குச் சொந்தச் சுவர் மூன்றுதான். நாலாவது சுவர் சரித்திரம்.

அந்தச் சரித்திரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் அவள், புருஷன் மௌத்தாகிப் பதினொரு வருஷமாக, இடியப்பம் அவித்தாள். சுபஹு தொழுதுவிட்டு ஆட்கள் வெளியே வரும்போது மூன்று தேத்தண்ணிக் கடைகளில் அவளுடைய இடியப்பம் ஆவி பறக்க இருக்கும். வயது ஐம்பத்திரண்டு. வேறு தொழிலும் இல்லை, வேறு குசினியும் இல்லை.

கிட்டங்கியைக் காப்பாற்றவென்று ஊரில் ஒரு சங்கம் பிறந்தது. களப்புக்கரைப் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் என்று பெயர். எங்கள் பக்கத்தில், கூட்டத்துக்கு வந்த மனிதரைப் பதவி இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவது, கலியாண வீட்டுக்கு வந்தவரைச் சோறு வைக்காமல் அனுப்புவதற்குச் சமம். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். தலைவர், ஆயுள் தலைவர், கௌரவத் தலைவர், பதில் தலைவர், உப தலைவர் நால்வர் என்று தொடங்கி, இரங்கல் செய்திச் செயலாளர் வரைக்கும் வந்தும் ஆட்கள் மிஞ்சினார்கள். சங்கத்தில் இல்லாத ஒலிபெருக்கிக்கு ஒரு பொறுப்பாளரைப் போட்டார்கள். அந்த ஒலிபெருக்கி பழுதானால் பார்க்க இன்னொருவரையும் போட்டார்கள்.

“பதவி வேணுமெண்டவங்க கையத் தூக்குங்க” என்று ஒவ்வொரு தடவையும் கேட்ட மிஹ்லார் மாஸ்டர்தான் செயலாளர். அந்த நேரம் ஜுனைதா பக்கத்துக் குசினியிலிருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். இரண்டு கையிலும் தட்டம். கையைத் தூக்க ஏலாது. மாஸ்டர் கொப்பியில் எழுதினார்: அங்கத்தவர்கள், ஒருவர்.

அன்றிலிருந்து கூட்டமென்றால் இப்படித்தான். மேடையில் இருபத்துமூன்று கதிரை, கீழே ஒரு கதிரை. மேடையிலிருப்பவர்கள் ஒவ்வொருவராக எழும்பி, “பெருந்திரளாகக் கூடியிருக்கும் சபையோரே” என்று ஜுனைதாவைப் பார்த்துச் சொல்வார்கள். அவள் அடுப்பைப் பார்க்க எழும்பிப் போனால் கூட்டம் ஒத்திவைக்கப்படும். ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மேடையையே தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய கட்டிலுக்கு முன்னால் போட்டார்கள். கௌரவத் தலைவருக்கு இடம் காணாமல் அலுமாரிக்கு மேல் இருத்தினார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்தாள். பொறுக்க முடியாதது சுவர்.

கிட்டங்கியின் தெற்கு மூலையில் கூரை திறந்துபோய், பெய்த மழையெல்லாம் சுவருக்குள் இறங்கியிருந்தது. குசினிப் பக்கம் சுவர் வயிறு தள்ளத் தொடங்கிவிட்டது. ஜுனைதா மாதத்துக்கு ஒருமுறை சாணால் அளந்தாள். அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே நாலு சாண் இருந்தது மூன்றாகி, மூன்று இரண்டரையாகியது. இன்னொரு மாரி மழையை அது தாங்காது. சுவர் விழுந்தால் அடுப்பின் மேல்தான் விழும். அவள் அடுப்பில் நின்றால் அவள் மேலும் விழும்.

“ராத்தா, பயப்பட வேணாம்” என்றார் தலைவர் றவூப் ஹாஜியார். கூட்டுறவுக் கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு வேலையையும் தன் கையால் செய்ததில்லை என்பதைப் பெருமையாகவே சொல்வார். “பழைய கட்டடத்துல கை வைக்க அனுமதி எடுக்கணும். தொல்பொருள் கந்தோருக்குக் கடிதம் போடுறம்.”

கடிதம் போட்டார்கள். அங்கேதான் அடுத்த வில்லங்கம். சங்கத்தின் தலைப்புத் தாளில் இருபத்துமூன்று பேரின் பெயரும் பதவியும் பட்டமும் அச்சாகியிருந்தன. இடப்பக்கம் முழுக்க இறங்கி, அடியால் சுற்றி, வலப்பக்கம் ஏறின பிறகு, நடுவில் எழுத மிஞ்சியது நெருப்புப்பெட்டி அளவு இடம். ஒவ்வொருவரும் தன் சீல் முத்திரையைக் குத்தினபிறகு அதிலும் பாதி போயிற்று. முதல் கடிதத்தில், “ஐயா, கூரை” என்றுதான் எழுத முடிந்தது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது: “எந்தக் கூரை?”

“கிட்டங்கிக் கூரை” என்று அடுத்த கடிதம் போயிற்று.

“அதற்கென்ன?” என்று கேட்டிருந்தார்கள்.

“ஓட்டை” என்று எழுதி முடிக்க எட்டு மாதமாகியிருந்தது. தன் பெயரை எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்று சொன்ன மிஹ்லார் மாஸ்டரோடு ஆயுள் தலைவர் ஆயுளுக்கும் கதைப்பதில்லை என்று நிய்யத்து வைத்துக்கொண்டார்.

சுவர் இரண்டு சாணுக்கு வந்த அன்று, ஜுனைதா ஒரு தலைப்புத் தாளை எடுத்தாள். திருப்பினாள். பின்பக்கம் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி, தானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கந்தோரில் கொடுத்தாள். அங்கே டெனிஷா என்ற பிள்ளை அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அன்ட்டி, இந்தச் சங்கத்திலயிருந்து வாசிக்கக்கூடியதா வந்த முதல் கடிதம் இதுதான்.”

ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கிட்டங்கிக்குள் விழுந்து கிடக்கும் பழைய ஓடுகளையே திரும்பப் போடவேண்டும். மாரிக்கு முன்னம் முடிக்கவேண்டும்.

சங்கம் அவசரமாகக் கூடி, பின்பக்கத்தில் எழுதியதால் முன்பக்கத்துக்கு ஏற்பட்ட அவமானத்தைப் பற்றி மூன்று மணித்தியாலம் கதைத்தது. அதற்குப் பிறகுதான் கூரை ஓட்டுக்கு வந்தார்கள். ஓடு தொள்ளாயிரம். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லை; இருந்த காசெல்லாம் சீல் வெட்டவே போயிற்று.

“ஓடு தூக்குறது அங்கத்தவங்கட வேல” என்றார் ஹாஜியார். “நாங்க தலமை தாங்குவம்.”

“அங்கத்தவர் ஒராள்தானே ஹாஜியார் இரிக்கிற” என்றார் மாஸ்டர்.

“அப்ப அவங்களுக்கு எவ்வளவு நல்ல தலமை கெடைக்கும் எண்டு பாருங்க.”

ஜுனைதா வெற்றுக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்று பின்னேரம் மாஸ்டரின் கொப்பியை விரித்து, சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பை முழுதாக வாசித்தாள். அதை அதுவரை ஒருவரும் வாசித்ததில்லை, எழுதிய மாஸ்டர் உட்பட. பன்னிரண்டாம் பிரிவு: வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எந்தப் பதவிக்கும் பெயரை முன்மொழிபவர், பதவி வகிக்காத அங்கத்தவராக இருக்கவேண்டும்.

பொதுக்கூட்டத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. இந்தப் பிரிவை அவள் தேத்தண்ணிக் கடையில் மெதுவாக ஒரே ஓர் ஆளுக்குச் சொன்னாள். பின்னேரத்துக்குள் இருபத்துமூன்று பேரும் குசினி வாசலில் நின்றார்கள். ஒருவர் பாரை மீன் கொண்டுவந்தார். ஒருவர் பேரீச்சம்பழம். ஒலிபெருக்கிப் பொறுப்பாளர் ஒன்றுமில்லாமல் வந்து அழுதார். எல்லாருக்கும் அவள், “ஓம், பெரிய பதவியாத்தான் போடுவன்” என்றாள்.

உப தலைவர்களில் ஒருவரான இன்னாசிப்பிள்ளையிடம் மட்டும் வேறொன்று கேட்டாள். அவர் தோணி கட்டும் மனிதர். “அண்ணன், கூரை வரைக்கும் அகலமா ஒரு ஏணிப்படி அடிச்சுத் தருவீங்களா?”

“எத்தனை படி தங்கச்சி?”

“பதினாலு.”

பொதுக்கூட்டத்தன்று ஜுனைதா தன் ஒற்றைக் கதிரையிலிருந்து எழும்பினாள்.

“பழைய பதவியெல்லாம் சின்னப் பதவி. இந்த வருஷம் உயரமான பதவிகள முன்மொழியுறன். முதலாம் படித் தலைவர், இரண்டாம் படித் தலைவர், அப்பிடியே பதினாலாம் படித் தலைவர் வரைக்கும். அதுக்கு மேல உச்சித் தலைவர் ஒராள். கீழே ஓட்டுக் குவியலிலயிருந்து படி வரைக்கும் நிற்கிறவங்க, பிரதான வீதித் தலைவர்கள் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் அவரவர் இடத்துல, அவரவர் பதவியில நிற்கணும். மேல் பதவிக்கு ஓட்டக் குடுக்கிறதுதான் கடமை.”

மேடையில் ஒவ்வொருவரும் விரல்விட்டுப் படிகளை எண்ணினார்கள். பிறகு ஹாஜியார் மெதுவாக, “உச்சித் தலைவருக்கு மேல ஆரும் இரிக்கிறாங்களா?” என்று கேட்டார்.

“அல்லாஹ் மட்டும்தான் ஹாஜியார்.”

“அப்ப என்னத்தான் போடணும்.”

மறுநாள் காலை இருபத்துமூன்று பேரும் புதுச் சட்டையோடு பதவியேற்றார்கள். ஓடு கையிலிருந்து கைக்குப் போயிற்று. ஒன்பதாம் படித் தலைவர் தாமதித்தால் எட்டாமவர் மேலே ஏறப் பார்ப்பார் என்ற பயத்தில் ஒருவரும் இளைப்பாறவில்லை. களப்பில் மீன் பிடித்தவர்கள் தோணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓடு இவ்வளவு வேகமாக மேலே பறந்ததைப் பார்த்துக் கொக்குகள் எலுவன்குளம் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன என்றும் சொல்கிறார்கள்.

உச்சியில் ஹாஜியாருக்கு மேல் பதவி இல்லாததால் ஓட்டை அடுத்துக் கொடுக்க ஆளில்லை. அவரே வைத்தார். ஆயுளில் முதல் தடவையாக ஒரு வேலை.

“தலைகீழா வைக்கிறீங்க ஹாஜியார்” என்று பதின்மூன்றாம் படியிலிருந்து இன்னாசிப்பிள்ளை சொல்லிக்கொடுத்தார். “தோணிய கவுத்த மாதிரி ஒன்று, நிமித்தின மாதிரி ஒன்று.”

பின்னேரம் அசர் தொழுகைக்குள் தொள்ளாயிரமும் முடிந்தது. எல்லாரும் இறங்கலாம். ஆனால் ஹாஜியார் இறங்கவில்லை. தான் இறங்கினால் பதினாலாம் படியில் நிற்கும் மிஹ்லார் மாஸ்டர் ஏறிவிடுவார். மாஸ்டரும் இறங்கவில்லை, ஹாஜியார் எப்போதாவது இறங்கத்தானே வேண்டும். அப்படியே முதலாம் படி வரைக்கும் எல்லாரும் நின்றார்கள்.

நிற்கும்போதே மாரியின் முதல் மழை பிடித்தது.

ஜுனைதா குசினிக்குள் ஓடிப்போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மழை தலைக்கு மேலே ஓட்டில் இரைந்தது. கையில் ஈரம் படவில்லை. காது வைத்துக் கேட்டாள்; சுவருக்குள் ஒன்றும் இறங்கவில்லை. சாணால் அளந்தாள்: இரண்டு. சுவர் இனி நிற்கும். வயிற்றோடுதான், ஆனால் நிற்கும். அடுப்பு முன்னால் அப்படியே இருந்துகொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மாவைப் பிசைந்தாள்.

முப்பது இடியப்பம் அவித்துப் படியில் கொடுத்தாள். ஒவ்வொரு பதவியும் தன் பங்கை எடுத்துக்கொள்ள, உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்று. அதை நனைந்தபடி தின்றுகொண்டே ஹாஜியார் மேலேயிருந்து கூப்பிட்டார்.

“ராத்தா, உங்களுக்கும் ஒரு பதவி போடணும் எண்டு சபை விரும்புது. கையத் தூக்குங்க.”

ஜுனைதா அடுத்த தட்டத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“ரெண்டு கையிலயும் தட்டம் இரிக்கே ஹாஜியார்” என்றாள்.