மிஷின் மேல் போட்ட பழி

பல்லின் வேர் எவ்வளவு நீளம் என்று சொல்ல என் கிளினிக்கில் ஒரு சின்ன மிஷின் இருக்கிறது. அதன் கொக்கி ஒன்றை உட்கார்ந்திருப்பவரின் உதட்டோரத்தில் மாட்ட வேண்டும். இன்னொரு ஒயரை, வேருக்குள் இறக்கும் மெல்லிய ஊசியில் கவ்வவிட வேண்டும். ஊசி இறங்க இறங்க மிஷின் விட்டுவிட்டுக் கத்தும். வேரின் நுனியை நெருங்கினால் விடாமல் கத்தும். நான் எக்ஸ்ரேயோடு ஒத்துப் பார்த்தவரை அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகியதில்லை. பிசகினால் தப்பு பெரும்பாலும் நம்முடையதுதான். எச்சில் தேங்கியிருக்கும், ரத்தம் கசிந்திருக்கும், இல்லாவிட்டால் பழைய வெள்ளி அடைப்பில் ஊசி உரசியிருக்கும். மிஷின் சரியில்லை என்று சொல்லும் டாக்டர்களைப் பார்த்தால், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சொல்லிச் சிரிப்பேன். அப்படிப்பட்ட நானே ஒரு தடவை அதன் மேல் பழி போட்டேன்.

நான் வண்டிப்பெரியாரில் பிறந்தவள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்து, படித்து, அதே ஊரில் கிளினிக் போட்டேன். என் கணவருக்குப் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் யார் யாரிடம் போய் இருப்பது என்பது முடிவாகவில்லை. நான் கதவைச் சாத்தினால் தோட்டத்து ஜனங்கள் பல்வலிக்குக் குமுளிக்கு ஓட வேண்டும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் அன்று அவர் மடையில் நிற்காவிட்டால் தோப்பு காயும். ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு. பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி அவர் வந்து இறங்குவதற்குள் அந்த ஞாயிறும் சாயங்காலமாகிவிடும். மறுநாள் கிளம்பிவிடுவார். இருங்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிய வேண்டும் என்ற வீம்பு எனக்கு. அவர் போன பிறகு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது, அது வேறு விஷயம்.

அந்த மாதம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கீழ்க் கடைவாய்ப்பல். திங்கள் காலை, வேறு யாரும் வருவதற்கு முன் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஊசியை வைத்ததுமே மிஷின் அலறியது. பழைய வெள்ளி அடைப்பு. அதை முழுக்க எடுத்து, உலர்த்தி, மறுபடி இறக்கினேன். இந்தத் தடவை ஒழுங்காக விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே போய், வேர் நுனியில் விடாமல் கத்தியது. ஊசியை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன், இருபதரை மில்லிமீட்டர். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. மற்ற வேர்களிலும் சிக்கல் இல்லை. மத்தியானத்துக்குள் முடித்து பஸ் ஏற்றிவிடக்கூடிய பல்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மணி என்ன என்று சைகையில் கேட்டார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ தெரியவில்லை.

மிஷின் ஒரு நிலையில் நிற்கவில்லை, அளவு முன்னும் பின்னும் ஆடுகிறது, இன்றைக்கு முடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தேன். புதன்கிழமைதான் பார்க்க முடியும் என்றேன். என் முகத்தை மாஸ்க் காப்பாற்றியது.

இரண்டு நாள் கிடைத்தது. நான் கிளினிக்கிலிருந்து வரும்போது வீட்டில் விளக்கு எரிந்தது. அரிசியும் பருப்பும் குழையக் குழைய ஆக்கி வைத்திருந்தார். மலையில் விற்கும் தேங்காயில் ருசியே இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே ஒரு பக்கமாக மென்றார். கொடியில் என் துணிகளோடு அவர் வேட்டியும் காய்ந்தது. இப்படித்தானே எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நோயாளியிடம் பொய் சொன்னவள் என்ற உறுத்தலும் இருந்தது. இருந்தும் செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

புதன் காலை அடைப்பைத் திறந்து மறுபடி அளந்தேன். அதே இருபதரை. வேர்களை நிரப்பி மூடினேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துண்டால் துடைத்தபடி என்னைப் பார்த்தார். தேங்காயைத் தட்டியே முற்றலா இளசா என்று சொல்கிற காது அவருக்கு.

"முந்தாநேத்தும் இதே எடத்துலதான அம்மிணி கத்துச்சு?"

நான் ஊசிகளைப் பொறுக்கித் தட்டில் போட்டேன்.

"இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருக்க மாட்டனா?" என்றார்.

எட்டு வருஷ வீம்பும் அந்த இடத்தில் போயிற்று. "அப்ப இருங்க," என்றேன்.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "நாளைக்கு விடிஞ்சா தண்ணி முறை அம்மிணி," என்றார். குரல் எழும்பவே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. இருக்க மாட்டேனா என்று அவர் கேட்டதும் நிஜம், தண்ணீர் வருவதும் நிஜம்.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அந்தப் பல்லால் எதையும் கடிக்க வேண்டாம், மேலே கேப் போட வேண்டும் என்றேன். அதற்கு எத்தனை தடவை வர வேண்டும் என்று கேட்டார். அளவெடுக்க ஒன்று, மாட்ட ஒன்று, ஆக இரண்டு என்றேன். இது பொய்யில்லை.

குமுளி பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, "மூணுன்னு எழுதிக்க அம்மிணி," என்றார்.