பொங்கியும் இறக்காத பால்

மோந்து பார்த்தே பால் எப்போது கறந்தது என்று சொல்லிவிடும் மனிதருக்கு, அந்தப் பாலைத் தினமும் தன் கையிலிருந்து வாங்கிக் குடித்த மனைவியின் முகம் எப்படித் தெரியாமல் போயிற்று?

தெருமுனைப் பால்கடைக்காரர் இதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். கேள்வி கேட்கிற ஆளாக அவர் தெரியமாட்டார். கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று அளந்து ஊற்றிக்கொண்டிருப்பார். பேச்சின் நடுவே கை மட்டும் பின்னால் போய் அடுப்பைத் தணிக்கும். பால் வாங்க நிற்கும் நாங்கள் எட்டிப் பார்த்தால் பால் விளிம்பில் வந்து நிற்கும்.

"எப்படிண்ணே?"

"பால் கூப்பிடும்ல? உங்களுக்குக் கேக்கலையா?"

பொங்குவதற்குச் சற்று முன் அதன் இரைச்சல் அடங்கிவிடுமாம். அந்த மௌனம்தான் கூப்பாடு. பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் ஒரு சின்னக் கரண்டி செருகியிருப்பார். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பாலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், "எனக்கேவா?" என்பார்.

கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு திரைச்சீலை. விடியலில் கடைக் கதவைத் தூக்கும் முன், முதல் கொதியில் ஒரு தம்ளர் ஆற்றி, திரையை விலக்கி மனைவியிடம் நீட்டுவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம். அன்பாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். அந்தத் தம்ளர்தான் அவருடைய வார்த்தை. மனைவியும் நின்றபடியே குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் தருவார். பிறகு மதியம் வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். 'அவளுக்கு வாயு' என்று வீட்டில் அதற்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது.

பாலில் இருக்கும் சர்க்கரை மனைவியின் குடலுக்குச் செரிப்பதில்லை என்று மருத்துவர் சொன்ன அன்று தெருவே சிரித்தது. "மீன்காரர் வீட்டுப் பூனை சைவமாம்" என்றார் தையல்காரர். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்று எங்கள் முன்னாலேயே மனைவியைக் கேட்டார்.

"பால்கடை வீட்டுலயே பால் ஆகாதுன்னா, கடைக்கு யாருங்க வருவா?" என்றார் அவர். பிறகு மெதுவாக, "நீங்க குடுக்கறதே அது ஒண்ணுதான்" என்றார்.

அதோடு விடியல் தம்ளர் நின்றுபோயிற்று. திரை விலகவில்லை. "ஒரே வீட்டுல பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரங்க மாதிரி இருக்கோம்" என்று அந்த அம்மாள் என் மனைவியிடம் சொன்னாராம். அவருக்குச் சாப்பாடும் குறைந்து உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், சோயாப் பால் குடிக்கலாம் என்றாள். "பயறைக் கரைச்சா பாலா? அப்ப சுண்ணாம்பைக் கரைச்சாலும் பால்தான்" என்று எங்களிடம் கத்திய மனிதர், மறுநாளே ஒரு பை சோயாவோடு வந்து இறங்கினார். இரவு ஊறவைத்து, தோலைத் தேய்த்து நீக்கி, அரைத்து, துணியில் பிழிந்து, அடுப்பில் ஏற்றினார். வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். அது பொங்கியது. கை பின்னால் போயிற்று. தம்ளர் நிரம்பியது. திரை விலகியது.

மதியத்துக்குள் மனைவி வாந்தி எடுத்து ஓய்ந்துவிட்டார். "விடுங்க. எந்தப் பாலும் எனக்கு எழுதி வைக்கலை."

ஆலோசனைப் பெண்ணோடு சண்டை போடக் கிளம்பியவர், சாட்சிக்கு என்னையும் கூட்டிப்போனார்.

"எப்படிக் காய்ச்சினீங்க?" என்றாள் அவள்.

"பொங்குச்சு. இறக்கினேன்."

"அது நுரைங்க. சூடு ஏறினதுமே பொங்கிடும், உள்ள வெந்திருக்காது. சோயா பச்சையா இருந்தா வயித்தைப் புரட்டும். பொங்கினப்புறமும் கிண்டிக்கிட்டே நல்லா கொதிக்க விடணும்."

"அப்ப பொய்யா பொங்குதா?"

"அது பொய் சொல்லலைங்க. நீங்க பசும்பால்னு நெனச்சுட்டீங்க."

'எனக்கேவா?' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. புரதத்தில் ஏறக்குறைய பாலுக்குச் சமம், சுண்ணாம்புச் சத்துதான் போதாது, அதற்குக் கீரையும் எள்ளும் சேர்க்க வேண்டும் என்று அவள் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

இப்போது விடியலில் அந்தச் சின்னப் பாத்திரத்துக்கு நேரே முகம் வைத்து நிற்கிறார். கதவு பாதி ஏறியிருக்கும்; நாங்கள் வெளியே காத்திருப்போம். நுரை திரண்டு எழும். பழகிய கை தானாக அடுப்பை நோக்கித் துள்ளும். இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொள்வார். "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று பாத்திரத்திடமே முணுமுணுத்துக் கிண்டுவார். நுரை அமிழும். அடியிலிருந்து நிதானமாகக் குமிழ்கள் கிளம்பும். பச்சை வாடை விலகி, ஆவி கடைக்குள் மெல்லப் பரவி, அளவைக் குவளைகளையும் அவர் முகத்தையும் மங்கலாக்கும். காத்திருக்கும் நாங்களும் ஏனோ பேச்சை நிறுத்திவிடுவோம். யாருடைய தூக்கத்துக்குள்ளோ நிற்பதுபோல் இருக்கும்.

அப்படிக் காய்ச்சிக் கொடுத்த முதல் நாள், மதியம் வரை அவருக்குக் கடையில் கண் நிற்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அது விலகியது.

"என்னங்க, பசிக்குது."

அவர் திரும்பி என் பாத்திரத்தில் ஊற்றினார். எனக்கு அன்று அளவுக்கு மேல் பால் கிடைத்தது.

செய்தி பரவியதும், கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்களும் வரத் தொடங்கினார்கள். "இதையும் வியாபாரத்துல சேருங்கண்ணே, பிச்சுக்கிட்டுப் போகும்!" எல்லோருக்கும் செய்முறையைத் தாராளமாகச் சொல்லிக்கொடுத்தார். "பொங்கினா நம்பிடாதீங்க" என்று சத்தம் போட்டு எச்சரித்தார். ஆனால் ஒரு தம்ளர் விற்றதில்லை. "வித்தா என்னங்க?" என்று மனைவியே கேட்டபோதும், "சர்க்கரை போடவா?" என்று பேச்சை மாற்றிவிட்டார். காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

போன வாரம் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் சின்னப் பாத்திரத்தைக் காட்டி, "அது என்ன விலைங்க?" என்றார்.

"பால் இருக்கு, தயிர் இருக்கு" என்றார் கடைக்காரர்.

ஆறத் தொடங்கிய சோயாப் பாலின் மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து, கிழியாமல் அதை வழித்து, மனைவிக்கு ஊற்றி வைத்திருந்த தம்ளரில் மிதக்கவிட்டார். அந்தப் பெண்ணின் பாத்திரம் பாதி நிரம்பியபடி பலகையில் இருந்தது. அவர் தம்ளருக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தி, தோளால் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.