மாமரத்துக்கு ஜாமீன்

அந்த மாங்காய்களின் நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. தரையெங்கும் விழுந்து, புழுத்து, புளித்து, ஈ மொய்த்துக் கிடந்தன. வானகரத்தில் என் மாமனார் வீட்டுக் கொல்லையில் நின்ற கிழட்டு மரம் அப்படிக் காய்த்துக் கொட்டியது. வெள்ளைக்காரன் காலம், நான் கல்யாணமாகி வந்த புதிது.

அதற்கு முன் பல வருஷமாக மரம் பூக்கவே இல்லை. காய்க்காத மரத்தைக் கோடாலி காட்டி மிரட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருவர் வெட்டப்போவதுபோல் ஓங்குவார். இன்னொருவர் குறுக்கே வந்து மரத்துக்காகக் கெஞ்சுவார். விளையாட்டுதான். கோடாலி பட்டையைத் தொட்டாலே அதிகம். மாமனார் ஓங்கினார், கெஞ்சும் வேலை அவருடைய தங்கைக்கு. புருஷனை இழந்து அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட அந்த அத்தைக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"காய்க்காத மரம் இன்னாத்துக்கு நிக்குது? சும்மா குந்திகினு துன்றதுக்கா?" என்றார் மாமனார். கேட்டது மரத்தை, பார்த்தது தங்கையை. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வாணாண்ணா, வர்ற வருசம் காய்க்கும். நான் ஜாமீன்" என்றாள் அத்தை. சடங்கில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். ஆனால் அவள் குரல் நடுங்கியது. மனுஷன் நிறுத்தவில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டை பிளந்து பால் வடியும்வரை கொத்தினார்.

மறு பருவத்தில்தான் அந்தக் காய்ப்பு. "பாத்தியா, பயந்துகினு காச்சிச்சு" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அப்படிப் பட்டை அறுந்து சாகப்போகிற மரம் இருப்பதையெல்லாம் விதைக்குக் கொட்டிவிட்டுப் போவதுண்டு என்று தோட்டக்கலை படித்த என் மகன் வெகுகாலம் கழித்துச் சொன்னான். அன்று அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. அத்தைதான் குனிந்து குனிந்து பொறுக்கி, அழுகலை அறுத்தெறிந்து, ஜாடி ஜாடியாக ஊறுகாய் போட்டாள்.

அடுத்த கோடைக்குள் மரம் பட்டுப்போனது. மாமனார் தங்கையைக் கூப்பிட்டார். "நீதானே ஜாமீன் நின்னே? மரம் பூட்சி. நீயும் கெளம்பு." விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்து ஒரு மனுஷியைத் துரத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். தூ! அத்தை துணிமூட்டையோடு திருநின்றவூரில் ஏதோ தூரத்து உறவின் வீட்டுக்குப் போனாள்.

இன்று எனக்கு அன்றைய அவளைவிட வயது அதிகம். மாமனாரை தர்மவான் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான். அவளை அனுப்பிய அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மாங்கா ஊறுகாய எட்தாம்மா" என்று என்னிடம் கேட்டு வாங்கி, விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றார்.