காஞ்சிபுரத்தில் அண்ணி தொலைத்த ஷூ

சனிக்கிழமை காலை 6.40. பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ்ஸில் எங்கள் இரண்டு பேரில் முதலில் ஏறியவள் நான். ஜன்னலோரம் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் பின்னாலிருந்து நடத்துநரின் குரல் வந்தது: "மா, நீங்க அந்த ஜன்னலாண்ட உக்காருங்க, காத்து வரும்." சொன்னது எனக்கு இல்லை, எனக்குப் பின்னால் ஏறிய அண்ணிக்கு. எனக்குக் கிடைத்தது அவளுக்கும் பருமனான ஒரு அம்மாவுக்கும் நடுவில் அரை சீட். டிக்கெட் மட்டும் இரண்டு பேருக்கும் அதே நாற்பத்தைந்து ரூபாய். தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்.

எப்போதும் இப்படித்தான். சுகுணா என் அண்ணன் மனைவி, அரக்கோணத்துப் பெண். அம்பத்தூரில் ஒரே வீட்டில் நானும் அம்மாவும் கீழே, அவள் மாடியில். காய்கறிக்காரர் அவளுக்கு மட்டும் கொசுறாக ஒரு எலுமிச்சம்பழம் போடுவார். என்னைப் பெற்ற அம்மா காபி கலந்தால் முதல் டம்ளர் மாடிக்குத்தான் போகும். அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஜாதியும் இல்லை. கேட்டு வாங்கினால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். நேரில் 'அண்ணி, வாங்க, போங்க' என்பேன். மனசுக்குள் 'அவள்'. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ராசிபலனைத் தவிர அவள் வேறெதையும் படிக்கமாட்டாள் என்கிற தைரியம்தான்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட முடியாது. அண்ணன் மூன்று வருஷமாக ஜபல்பூரில் இருக்கிறான். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிறான், பதிலே இல்லை. தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் வந்து போவான். அவன் ரயிலேறிப் போன மறுநாள் மாடியில் ரேடியோ பாடாது.

என் கதைக்கு வருகிறேன். நான் பழைய ஷூ சேர்ப்பவள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, மூர் மார்க்கெட், புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைக் கடைகள் என்று அலைந்து முப்பத்தேழு ஜோடி சேர்த்திருக்கிறேன். பதினோரு வருஷமாகத் தேடியும் ஒன்று மட்டும் அகப்படவில்லை. ஒரு காலத்தில் மவுண்ட் ரோட்டில் சீனக்காரர்கள் ஷூ கடை வைத்திருந்தார்கள். காலை அளந்து, கையாலேயே தைத்துக் கொடுப்பார்கள். அப்படிப் பெண்களுக்குத் தைத்ததில் ஒரு ஜோடி எனக்கு வேண்டும். போன வாரம் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். அரக்குச் சிவப்புத் தோல், குட்டையான குதிகால், குறுக்கே ஒரு பட்டை, பக்கத்தில் பித்தளைப் பக்கிள். "காஞ்சிபுரம், ஒலிமுகமதுபேட்டை. கடைக்காரர் எனக்கு விற்கமாட்டேன் என்றுவிட்டார்" என்று கீழே புலம்பியிருந்தார். அவருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் படித்ததும் எனக்கு அப்படியொரு நிம்மதி. இரண்டாம் சனிக்கிழமை லீவுக்குக் கிளம்பிவிட்டேன். "காமாட்சியைப் பார்த்து நாளாச்சு, நானும் வரேன் மாலு" என்று அண்ணியும் கூடவே ஒட்டிக்கொண்டாள்.

8.30. பொன்னேரிக்கரை தாண்டி ஊருக்குள் வந்து இறங்கினோம். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லியும் வடையும் சாப்பிட்டுவிட்டு, எண்பது ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன்.

"ஷூ வாங்கவா? காஞ்சிபுரத்துக்கா?" ஓட்டுநர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பொடவைக்குத்தாம்மா எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க. ஒரே ஒரு கடைய சும்மா எட்டிப் பாருங்க. வாங்கவே வேணாம். நீங்க உள்ள போய் வந்தாலே எனக்கு ஏதாச்சும் குடுப்பாங்க."

"அதெல்லாம் வேண்டாம்பா. நேரா போ."

"பாவம் மாலு, போய்ட்டுத்தான் வருவோமே," என்றாள் அண்ணி.

காந்தி ரோட்டுப் புடவைக் கடையில் ஒரு மணி நேரம் போயிற்று. அவளுக்குக் குளிர்ந்த மோர் கொடுத்து, மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு பெண் வந்து, "நீங்க இவங்ககூட வந்தவங்களா மேடம்?" என்று கேட்டாள். அண்ணி எதுவும் வாங்கவில்லை. அப்படியும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். பேட்டையில் இறங்கும்போது ஆட்டோக்காரர் அவளிடம், "அறுபது குடுங்கக்கா, போதும்," என்றார். பேரம் பேசிய என் பக்கம் திரும்பவே இல்லை.

10.15. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஷட்டர், உள்ளே மூன்று பக்கமும் மரத்தட்டு. கடைக்காரர் சாதிக் பாய்க்கு அறுபது வயதிருக்கும். ரகம் பார்த்து அடுக்காமல் கால் அளவு பார்த்து அடுக்கியிருந்தார். அவரிடம் வருகிற பழைய ஷூக்களில் பெரும்பாலானவை கல்யாண ஷூக்கள். ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் போட்டுவிட்டு, பிறகு டப்பாவோடு பீரோ மேல் பத்து வருஷம் தூங்கியவை. "மாப்பிள்ளைங்க இதுல நடந்ததே இல்லமா. கார்ல எறங்கினாங்க, மேடையில நின்னாங்க, அவ்ளோதான்," என்றார்.

நான் படத்தைக் காட்டினேன். சின்ன அளவுத் தட்டிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு டாக்டரம்மா வீட்டைக் காலி செய்தபோது வந்ததாம். திருப்பிப் பார்த்தேன். அடித்தோலைச் சுற்றிக் கைத்தையல், ஒரு பிசகு இல்லை. உள்ளே தேய்ந்துபோன தங்க எழுத்தில் 'மவுண்ட் ரோடு, மதராஸ்'. அம்மாடி! பதினோரு வருஷம். 

"எவ்வளவு பாய்?"

"ஐநூறு. ஆனா போட்டுக் காட்டணும். போட்டுக்கினு தோ, அந்த டீக்கடை வரைக்கும் நடந்துட்டு வரணும். காலுக்குச் சரியா இருந்தாதான் குடுப்பேன்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. முன்பு சென்னையிலிருந்து வந்த ஒருவர் நானூறு ரூபாய்க்கு வாங்கிப் போனதை ஆன்லைனில் ஒன்பதாயிரத்துக்கு விற்றிருக்கிறார். "ஒரு கஸ்டமர் போனைக் காமிச்சு சிரிக்கிறாரு. மூணு நாள் எனக்கு ஒரே பேஜாரு. அன்னிலேர்ந்து அலமாரிக்கு விக்கிறதில்லமா. காலுக்குத்தான்."

என் கால் ஏழு. ஷூ ஐந்து. விரல்களை மடக்கி, மூச்சைப் பிடித்து, உள்ளே அழுத்தினேன். பாதி கால் போயிற்று, குதிகால் வெளியிலேயே நின்றது.

"தோல்தானே பாய், போடப் போட விரியும்."

"தோலு விரியும்மா. எலும்பு சுருங்குமா?"

"ரெண்டாயிரம் தரேன்."

"காசு பேச்சு இல்லம்மா இது," என்று சிரித்தார்.

இவ்வளவு நேரமும் அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டால் விசிறிக்கொண்டிருந்தாள். "எங்க, கொடு பார்ப்போம்," என்று காலை நீட்டினாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. பக்கிளை மாட்டிக்கொண்டு டீக்கடை வரை போய், டீக்காரரிடம் ஏதோ இரண்டு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மாஷா அல்லா!" பாய் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தம்மா காலுக்கே தச்ச மாதிரி இருக்குது. நானூறு குடுங்க, போதும்."

அண்ணி நானூறை எண்ணிக் கொடுத்தாள். ஷூ என்றால் கயிறு கட்டுவதா, பக்கிள் போடுவதா என்றுகூட யோசித்திராதவள்! தன் பழைய ரப்பர் செருப்பை அங்கேயே மூலையில் விட்டுவிட்டாள். "மார்க்கெட்டுக்கு, மழைக்கு எல்லாம் நல்லா உழைக்கும், இல்ல மாலு?" என்றாள். மழைக்காம்!

"அண்ணி, இது சீனக்காரங்க கையால தைச்சது."

"சைனாவா? அப்ப சீக்கிரம் பிஞ்சிடுமா?"

நீங்கள் கேட்பீர்கள், 'எனக்குக் கொடுங்க அண்ணி' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று. சொன்னால் கொடுத்துவிடுவாள். அந்த நிமிஷமே கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுநிமிஷம் மறந்தும் போவாள். நான் பதினோரு வருஷம் ஏங்கியது அவளுக்குத் தூக்கிப் போடுகிற சாமான் என்று தெரிந்துகொள்வதற்கு என் வாயால் கேட்க வேண்டுமா? மாட்டேன்.

11.30. காமாட்சியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற வழியில் ஒரு சின்ன சிவன் கோயில். பெயரைச் சொல்லமாட்டேன், காரணம் இதோ வருகிறது. செருப்பு வைக்கத் தனி இடம் இல்லை. வாசல் படியோரம் விட்டுவிட்டு உள்ளே போனோம். நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி சனீஸ்வரன் முன்னால் நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். என்ன வேண்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். "கால் வலிக்குது, வெளியே இருக்கேன்," என்று வந்துவிட்டேன்.

வெயிலில் அந்த ஷூ என்ன சிவப்பாக இருந்தது தெரியுமா! ஷூ சுற்றுவதற்கு என் பையில் எப்போதும் ஒரு பழைய துணி இருக்கும். குனிந்தேன், சுற்றினேன், பைக்குள் வைத்தேன். நாற்பத்துநாலு வயதில், இன்சூரன்ஸ் ஆபீஸில் இருபது வருஷ சர்வீஸ் போட்டவள், திருடினேன். நிமிர்ந்தால் எதிரே பூக்காரம்மா. கட்டுகிற கை நிற்கவில்லை, பார்வை மட்டும் என்மேல் இருந்தது.

அண்ணி வெளியே வந்தாள். படியைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள். "மாலு, என்னோடது எங்கே?"

"தெரியலையே அண்ணி. நான் இந்தப் பக்கம் நின்னேன்."

 பூக்காரம்மா சொல்லிவிடப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அண்ணியிடம் சொன்னாள்: "சனிக்கெழமையும் அதுவுமா கோயில் வாசல்ல போச்சுதுன்னா, இதுக்கு மேல இன்னாமா வேணும்? புடிச்ச சனி உட்டுச்சுன்னு திரும்பிப் பாக்காம போ." பிறகு என்னிடம்: "நீ ரெண்டு மொழம் வாங்கிக்கமா. மொழம் அறுபது."

சற்று முன்பு அண்ணிக்கு முழம் நாற்பதுக்குக் கொடுத்தவள். பேரம் பேசாமல் நூற்றிருபதை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணியின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன், குறைந்தபட்சம் சுளிப்பாள் என்றாவது. கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் சிரித்தாள். "இப்பத்தான் கேட்டுட்டு வரேன் மாலு! உங்க அண்ணனைக் கொண்டுவந்து சேர்த்துடுன்னு இப்பத்தான் கேட்டேன்! உடனே போயிடுச்சு பாரு!" கொதிக்கிற ரோட்டில் வெறுங்காலோடு நிழல் நிழலாகத் தாவித் தாவி நடந்தாள். செருப்புக் கடை வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை. நூற்றிமுப்பது ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டாள். நடை சாத்துவதற்குள் காமாட்சி தரிசனமும் ஆயிற்று. அவளுக்கு எதிரே திரை விலகியது, எனக்கு முன்னால் ஒரு தூண்.

2.10. திரும்புகிற பஸ். சுங்குவார்சத்திரம் வரை அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என் மடியில் பை. பதினோரு வருஷம் தேடிய பொருள் அதற்குள் இருக்கிறது. சந்தோஷம் மட்டும் பக்கத்து சீட்டில் இருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்? அதையும் அவளேதான் அள்ளிக்கொள்ள வேண்டுமா?

அம்பத்தூர் வந்ததும் ஷூவை அலமாரியில் வைக்க முடியவில்லை. அண்ணி தினமும் நாலு தடவை கீழே வருகிறவள். பழைய சூட்கேஸில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். காஞ்சிபுரத்தில் அது கடைத்தட்டிலாவது வெளிச்சத்தில் இருந்தது. இரண்டு நாள் போனதும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் விட்டுப்போன சனியையும் சேர்த்துக் கொடுத்ததாக அவள் நினைப்பாள். அந்தச் சிரிப்பை நானே போய்ப் பிடுங்க வேண்டும். அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணி கேசரிக் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது, அடுத்த மாதம் அண்ணன் பக்கத்திலேயே, ஆவடியில். அம்மா அழுதாள். நானும் அழுதேன், எனக்கும் அவன் ஒரே அண்ணன். பிறகு அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், காஞ்சிபுரத்தில் தொலைந்த ஷூவின் மகிமையைச் சொல்ல. அதைத் தொலைத்துக் கொடுத்தவள் நான், பெயர் மட்டும் எனக்கு இல்லை என்று அந்த அழுகைக்கு நடுவிலும் எரிச்சல் வந்தது. என் புத்தி அப்படி.

அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோயில்ல ரெண்டு விளக்கு ஏத்திட்டு வந்தேன் மாலு. ஒண்ணு உங்க அண்ணன் பேர்ல."

"இன்னொண்ணு?"

"அந்த ஷூவை எடுத்தாளே, அவளுக்கு. பாவம், யாரு பெத்த பொண்ணோ. என் கஷ்டத்தையெல்லாம் சேர்த்துத் தூக்கிக்கினு போயிட்டா. அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, அவ ஆசைப்பட்டதெல்லாம் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

 என் பெயரைச் சொல்லி இதுவரை யாரும் ஒரு விளக்கு ஏற்றியதாக எனக்குத் தெரியாது. அந்தத் திருடிமேல் எனக்கு அன்றைக்கு வந்த பொறாமை, அண்ணிமேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.