தலையில் விளக்கு வைத்த மீன்

பொருட்காட்சியில் கையில் குச்சியோடு நின்று விளக்கம் சொல்வது என்பது, சொன்னதையே நாளெல்லாம் சொல்லிவிட்டு, சொல்லாததற்கெல்லாம் பதில் தேடும் உத்தியோகம். அனுபவித்த புண்ணியவான்கள் நான் சொல்வதை நம்புவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை தீபத் திருவிழாப் பொருட்காட்சியில் எனக்கு வாய்த்தது மீன்வளத் துறையின் மீன் ஸ்டால். ஊரே விரதம் இருக்கும் கார்த்திகையில் மீன்! அதுவும் தற்காலிக வேலை. "தீபத்தன்னிக்கு வந்து பாப்பேன். கூட்டம் இருந்தா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன். இல்லன்னா மூட்டை கட்டு" என்று சொல்லியிருந்தார் அதிகாரி.

என் ஒரே நம்பிக்கை, காகிதக்கூழில் செய்த ஆழ்கடல் தூண்டில் மீன். பூசணிக்காய் பருமன், கறுப்பு உடம்பு, முகம் முழுக்க வாய், வாய் முழுக்க ஊசிப் பல். நெற்றியில் முளைத்த தூண்டிலின் நுனியில் டார்ச் பல்பு, வயிற்றுக்குள் பேட்டரி.

மாலை போட்டவர்

கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வர ஆசை, விரதம் கெடுமோ என்று பயம். "சாமி, இது வெறும் காகிதம்" என்று கெஞ்சினேன். நிஜ மீன் சூரிய வெளிச்சமே எட்டாத கடலாழத்தில் இருக்கிறது, விளக்கைப் பார்த்துக் கிட்டே வரும் மீன்களை அப்படியே விழுங்கிவிடும் என்றேன். உற்றுப் பார்த்தார்.

"அதுவும் கறுப்புதான் கட்டிக்கினு இருக்குது. ஆனா விரதம் இருக்கற மூஞ்சியா சாமி அது?"

வீட்டோடு மாப்பிள்ளை

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு தம்பதி. பெண் மீன்தான் இவ்வளவு பெரிசு, ஆண் விரல் நீளம்கூட இராது, இருட்டில் தேடி வந்து பெண்ணைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு இரண்டின் தோலும் ரத்தமும் ஒன்றாகி, அவள் சாப்பாட்டில்தான் இவன் ஜீவனம் என்று விளக்கினேன். புருஷன்காரர் நெளிந்தார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரும் வூட்டோட மாப்பிள்ளைதாங்க. ஆனா தங்கமான மனுசன், இதுவரைக்கும் கடிச்சதில்ல!"

சாப்பாட்டு நேரம்

உள்ளூர் ஜைனக் குடும்பத்து டீச்சர் ஒருவர் வந்தார். பொழுது சாய்ந்தபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. பல்லைப் பார்த்து முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவரோ, அங்கே பொழுது எப்போது விடியும் என்று கேட்டார். விடியவே விடியாது, என்றைக்கும் ராத்திரிதான் என்றேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"ஐயோ பாவம், அப்ப அது எப்பதாங்க சாப்பிடும்?"

கரண்ட் போனது

தீபத்தன்று சாயங்காலம் ஜனங்களெல்லாம் மலையைப் பார்க்க வெளியே போய்விட்டார்கள். ஸ்டாலில் நானும் மீனும்தான். அந்த நேரம் பார்த்தா அதிகாரி வரவேண்டும்! காலிக் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மூட்டை கட்டவேண்டியதுதான் என்று குச்சியை ஓரமாக வைத்தேன்.

மலை உச்சியில் தீபம் ஏற்றினார்கள். அரோகரா முழக்கம். அவரும் வாசலுக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் பொருட்காட்சி முழுக்கக் கரண்ட் போயிற்று. எல்லா ஸ்டாலும் கும்மிருட்டு; எங்கள் மீனின் தலையில் மட்டும் விளக்கு. அதைப் பார்த்து ஜனங்கள் திமுதிமுவென்று உள்ளே புகுந்தார்கள். மீனின் உடம்பு தெரியவில்லை. விளக்கும், அதன் கீழே பற்களும் மட்டும் தெரிந்தன. இத்தனை நாள் நான் தொண்டை கிழியச் சொன்ன ஆழ்கடல் அதுதான். கூட்டத்தின் நடுவில் நசுங்கிக்கொண்டே அதிகாரி கத்தினார்:

"உனக்கு நாளைக்கே எழுதிடறேன்யா! கரண்ட் வந்தாலும் நம்ம லைட்டைப் போட்டுடாதே!"

ஊரே மின்வெட்டைத் திட்டித் தீர்க்கும்போது நான் மட்டும் இன்றைக்கும் வாயைத் திறப்பதில்லை.