மதகில் தொங்கிய மேலங்கி

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதச் சனிக்கிழமை நடந்தது இது. கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே காரில் போனால், தொழிற்சாலைகள் எல்லாம் முடிந்து சோள வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றாறு வரும். அதன் கரையில் ஒரு பழைய தண்ணீர் ஆலை. பல காலம் பாழடைந்து கிடந்ததை ஊர்க்காரர்கள் சேர்ந்து திருத்தி, சக்கரத்தை மறுபடி சுற்ற வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் அங்கே வேலை செய்யும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு நகரத்துக்குப் போனபின், சனிக்கிழமைகளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர்தான் அங்கே கூட்டிப் போனார். இயந்திரம் பூட்டுவது என் தொழில் என்பதால் சக்கரத்தைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டுவிட்டேன். "இஞ்ச வீட்டுக் குழாய் ஒழுகுது, இவர் ஆத்துக்குச் சக்கரம் திருத்தப் போறார்" என்று என் மனைவி தொலைபேசியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அப்படிச் சொன்னவளே பிறகு மீன் ரோல்ஸும் தேநீரும் கொண்டு வரத் தொடங்கினாள்.

ஆலைக்குப் பொறுப்பானவர் ஒரு பெரியவர். முன்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். ஆலைதான் அவருக்கு வீடு என்று சொல்லலாம். ஆற்றங்கரை மண்சுவரில் மீன்கொத்தி பொந்து குடைந்திருந்தால் அந்தப் பக்கம் புல் வெட்டக்கூட விடமாட்டார். குப்பை வடிக்கும் கம்பிகளில் சின்ன மீன் சிக்கினால் ஒரு அகப்பையால் அள்ளி ஆற்றில் விட்டுவிட்டுத்தான் வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லுவார்.

சுரங்கத்தில் பழகிய ஒரு வழக்கத்தை அவர் இங்கேயும் வைத்திருந்தார். சக்கரத்துக்குக் கீழே உள்ள குழிக்குள் இறங்குகிறவர், மதகைத் திறக்கும் கைப்பிடியில் தன் மேலங்கியைத் தொங்கவிட்டுவிட்டு இறங்க வேண்டும். அது தொங்கும்வரை மதகை ஒருவரும் தொடக்கூடாது. எடுப்பதென்றால் இறங்கியவரே மேலே வந்து எடுக்க வேண்டும். தண்ணீர் இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது என்பதால் இந்த ஏற்பாடு. எங்களுக்கெல்லாம் இது மனப்பாடம். சமையலறைக்கு மட்டும் வந்து போகிற என் மனைவிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சக்கரத்தின் பலகைகளுக்கு இடையில் கிளைகள் சிக்கியிருந்தன. மேலங்கியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். மறுபக்கத்துப் பலகைகளைத் துப்புரவாக்குவதற்காக, சக்கரத்தைப் பூட்டும் ஆப்பையும் கழற்றிக் கையால் கொஞ்சம் உருட்டினேன். மேலே கூரை இருந்ததால் வெளியில் மழை பிடித்ததே எனக்குத் தெரியாது.

சாதாரண மழை இல்லை. மதகு தடுத்து வைத்திருந்த தேக்கத்தில் தண்ணீர் மளமளவென்று ஏறத் தொடங்கியிருக்கிறது. மீன்கொத்திப் பொந்துக்குள் குஞ்சுகள் இருந்த நேரம் அது. இன்னும் ஒரு சாண் ஏறினால் பொந்து மூழ்கிவிடும். மற்றவர்கள் வெளியில் கிடந்த மாவு மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க, பெரியவர் மதகைத் திறந்து தண்ணீரை இறக்க ஓடியிருக்கிறார்.

அவர் வருவதற்குச் சற்று முன்புதான் என் மனைவி அந்தப் பக்கம் போயிருக்கிறாள். புருஷனின் மேலங்கி மழையில் நனைகிறது. எந்தத் தமிழ்ப் பெண் அதைப் பார்த்துக்கொண்டு போவாள்? எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை ஹைற்சுங்கில், அதாவது அறையைச் சூடாக்கும் கருவியில், காயப் போட்டுவிட்டாள். பெரியவர் வந்து பார்த்தபோது கைப்பிடி வெறுமையாக இருந்தது. சுற்றத் தொடங்கினார்.

முதலில் சப்பாத்துக்குள் தண்ணீர் வந்தது. ஏதோ கசிவு என்று நினைத்தேன். அடுத்த நொடி முழங்கால் அளவு. தலைக்கு மேலே சக்கரம் முனகியது. எத்தனையோ நாள் ஆசையாகக் கேட்ட சத்தம் அது. ஏணி சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். ஒரு பலகை என் தோளை உரசிக்கொண்டு கீழே போனது. அடுத்தது இன்னும் நெருங்கி வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்துக் கண்ணை மூடினேன்.

சக்கரம் நின்றது.

மேலே நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். மனைவி தேநீரோடு வந்து, "எங்க இவர்? தேத்தண்ணி ஆறுது" என்று கேட்டிருக்கிறாள். அவர் சுற்றிக்கொண்டே, மேலங்கியைக் காணவில்லை, வெளியில் போயிருப்பார் என்று சொல்லியிருக்கிறார். "ஜக்கெற் உள்ள காயுது. நான்தான் எடுத்தனான்" என்றிருக்கிறாள் இவள். கைப்பிடி மறுபக்கம் சுற்றியது அந்தச் சொல்லுக்குத்தான்.

நான் ஏறி வந்தபோது பெரியவர் ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். மனைவி என்னைப் பிடித்துக்கொண்டு, "நனையுது எண்டுதானே எடுத்தனான், நனையுது எண்டுதானே" என்று அதையே சொல்லி அழுதாள். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மதகைத் திறக்கும்படி பெரியவரிடம் சொன்னேன். அவர் எழும்பவே இல்லை. நானே திறந்தேன். பொந்து தப்பியது.

அவளை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எட்டிப் பார்க்காமல் திறந்தது தன் பிழை என்றார். கைப்பிடியைக் கழற்றி மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதன்பின் வரவே இல்லை. நாங்கள் போய்க் கூப்பிட்டால் முழங்கால் வலி என்றார். "பரவாயில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவார், கண்ணைப் பார்க்கமாட்டார். வேறொருவர் மதகைத் திறந்தார். சக்கரம் சுற்றத்தான் செய்தது. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குள் கிடந்து வாடிக்கொண்டிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

மனைவியும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. ஒருநாள் திடீரென்று, "வாங்கோ, அந்த மனிசன்ர வீட்ட போவம்" என்றாள். போனோம். பெரியவர் கதவைப் பாதிதான் திறந்தார். அவளுடைய ஜெர்மன் வேலைத்தலத்தில் பழகிய ஜெர்மன். சுற்றி வளைக்கத் தெரியாது. தமிழில் சொல்வதென்றால் அவள் பேசியது இவ்வளவுதான்:

"சனிக்கிழமை நான் குழிக்குள்ள இறங்கப் போறன். மதகடியில நீங்கள்தான் நிக்க வேணும். வேற ஆரும் நிண்டா நான் இறங்கமாட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளத்தில் கால் நனைக்கவே பயப்படுகிறவள் அவள். "உமக்கு என்ன விசரே?" என்றேன் தமிழில். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியவர் வருகிறேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது அவர் எங்களுக்கு முன்பே மதகடியில் நின்றார். மனைவி எனது ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, தன் மேலங்கியைக் கழற்றித் தன் கையாலேயே கைப்பிடியில் தொங்கவிட்டாள். ஏணியில் இறங்கும்போது அவள் உதடு முணுமுணுத்தது, பிள்ளையாரைக் கூப்பிட்டிருப்பாள். கீழே பாசியைச் சுரண்டும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பெரியவர் அந்த மேலங்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒருவர் கோப்பி கொண்டு வந்து நீட்டினார், வாங்கவில்லை. இறங்கியவளுக்கு அவசரமே இல்லை. வேண்டுமென்றே ஆறுதலாக வேலை செய்தாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கடைசியில் சேறும் பாசியுமாக ஏறி வந்தாள். மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்து, "இப்ப திறவுங்கோ" என்றாள்.

அவர் முதலில் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. மறுபடி பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். சக்கரம் புரண்டு எழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் தெறித்துவிட்டது என்றார். அதன்பின் ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவில்லை.

"பரவாயில்லை" என்ற சொல்லை நான் அந்த மனிதருக்கு எத்தனையோ தடவை சொல்லி அலுத்துப் போனேன். அதை ஒருதடவைகூடச் சொல்லாமல், அவர் நம்ப மறுத்த அந்தக் கைகளில் என் மனைவி தன் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.