ஏறும் ஊர் ஒன்று, இறங்கும் ஊர் இன்னொன்று

இருபத்திரண்டு வருடங்களாக அந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் அவள் ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லிக்கொண்டிருந்தது ஒரே வாக்கியம்தான். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க." மற்றவர்களை அசையாமல் நிறுத்துகிறவளால் தான் மட்டும் ஓர் இடத்தில் நிற்க முடியாது. பொத்தானை அழுத்திவிட்டுப் படம் திரையில் வருவதற்குள் மேஜையைத் துடைத்திருப்பாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள், ஆணியில் தொங்கும் ஈயக் கவசத்தை எடுத்து இன்னோர் ஆணியில் மாட்டியிருப்பாள். நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். கல்லைப் போல நிதானமான மனிதர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டி அலறுகிறவர்களிடம், "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவர். வீட்டிலும் அதே குரல்தான். ஒரே மகள் படிப்பு முடிந்து வேறு ஊரில் வேலைக்குப் போன பிறகு, பம்பரத்தின் மொத்தச் சுழற்சியும் அவர் தலையில்தான் விடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய அக்காவிடமிருந்து போன் வந்தது. கணவன் இறந்த மறுவருடமே பயணிகள் கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள் அக்கா. எட்டு மாதம் கடல். இறங்கினால் நேராக மகன் வீடு, பேரப்பிள்ளைகள், திரும்பவும் கடல். தங்கையும் அவளும் நேரில் பார்த்து நான்கு வருடமாகிவிட்டது.

"ஏண்டி, ஒரு விஷயம் கேளு. கப்பல்ல வேலை பாக்கறவங்க குடும்பத்துக்கு ஒரு கேபின் பாதி விலைக்குத் தர்றாங்க. இந்தத் தடவை என் முறை. மகனுக்கு லீவு இல்லையாம். நீயும் அவரும் வாங்களேன்."

"எத்தனை நாள்க்கா?"

"பதினோரு நாள். ஆனா ஒண்ணு, ரெண்டும் வெளிநாடு, ஏறற ஊரு வடக்க, இறங்கற ஊரு தெற்க. கப்பல் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வராது. ஏறற ஊருக்கு வந்து சேர்றதும் இறங்கற ஊருல இருந்து வீட்டுக்குப் போறதும் உங்க பாடு. இதுதான் என் கடைசி ஒப்பந்தம்னு நினைக்கறேன், வந்துடு."

போனை வைத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று மத்தியானத்துக்குள் கேபினுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. விமான டிக்கெட் விலையை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

பார்த்ததும் தலை சுற்றியது. ஏறுகிற ஊருக்குப் போக மட்டும் ஒரு டிக்கெட், கேபின் விலையில் முக்கால். இறங்குகிற ஊரிலிருந்து திரும்பி வர மட்டும் ஒரு டிக்கெட், கேபினையே தாண்டிவிட்டது. விசித்திரம் என்னவென்றால், அதே ஊருக்குப் போய் அதே ஊரிலிருந்து திரும்புகிற டிக்கெட் மலிவாகக் கிடந்தது. அவளுக்கு அது வேண்டாம். வேண்டியதற்கு விலை மலை.

"எங்கயோ தப்பு பண்றேன்," என்றாள் கணவனிடம்.

"தப்பு உன் மேல இல்ல. பாதி விலையில தர்றான்னா மீதிப் பாதி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்," என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்றிலிருந்து அவள் போனும் கையுமாகத்தான் அலைந்தாள். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை, இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஒரு தடவை. காலையில் ஒரு விலை காட்டியது, மத்தியானம் வேறு விலை. "இந்த விலையில் மூன்று இருக்கைகளே உள்ளன" என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும். அடுத்த நாள் பார்த்தால் ஏழு இருக்கும். செவ்வாய்க்கிழமை மலிவு என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னாள். இல்லை, புதன்தான் என்றார் மருந்துக் கடைக்காரர். அவள் இரண்டு நாளும் பார்த்தாள், மீதி ஐந்து நாளும் பார்த்தாள்.

ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. இறங்குகிற ஊருக்கே போக வர மலிவு டிக்கெட் எடுத்துவிடுவது. அங்கே இறங்கி, ரயிலில் ஏறுகிற ஊருக்குப் போவது. கப்பல் திரும்ப அங்கேயே கொண்டுவந்து விட்டுவிடும். கணக்கு சரியாக வந்தது. ரயில் பதினான்கு மணி நேரம், நடுவே இரண்டு இடத்தில் மாற வேண்டும்.

"பதினாலு மணி நேரம் உட்காரணும். யாரு, நீயா?" என்றார் கணவன். "மூணாவது மணி நேரத்துல இஞ்சினைத் தள்ளப் போயிடுவே."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வாரம்தான் அவள் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு படத்தைத் தவறாக எடுத்தாள். தபால்காரர் ஒருவர் வலது முழங்கால் வலிக்கிறது என்று வந்திருந்தார். சீட்டிலும் வலது என்றுதான் எழுதியிருந்தது. அவள் எடுத்து அனுப்பியது இடது.

"இந்தக் காலுக்கு ஒரு குறையும் இல்லையே, கல்லு மாதிரி இருக்கே," என்று டாக்டர் படத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். "என்னம்மா, உங்க நினைப்பு எங்க இருக்கு?"

தபால்காரர், "பரவாயில்ல டாக்டர், அதுவும் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு," என்று சிரித்தார். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சரியான காலை எடுத்து முடித்ததும் போனை அணைத்துப் பையின் அடியில் போட்டாள். சாயங்காலம்வரை தொடவில்லை. அன்று அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போனைத் திறந்தால், ஏறுகிற ஊருக்குப் போக ஒரு டிக்கெட் பாதி விலையில் கிடந்தது. பாஸ்போர்ட் எண் கேட்டது. தன்னுடையது மனப்பாடம், கணவனுடையது தெரியாது. அவருக்குப் போன் போட்டாள். கிடைக்கவில்லை. லிப்ட் குழிக்குள் இறங்கினால் அவர் போனில் சிக்னல் இருக்காது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கே போய்விட்டாள். மூன்றாவது மாடியில் லிப்ட் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் கீழே லிப்ட் பெட்டியின் தலைமேல் அவர் குந்தியிருந்தார்.

"ஏங்க! உங்க பாஸ்போர்ட் எங்க?"

"முதல்ல நீ பின்னால நகரு!" குழி முழுக்க எதிரொலித்தது. "பீரோவுல, மேல் தட்டுல!"

வீட்டுக்கு ஓடினாள். மேல் தட்டில் இருந்தது. திறந்து எண்ணைப் பார்த்தாள். எண்ணுக்குக் கீழே தேதியையும் பார்த்தாள். கப்பல் கிளம்புகிற நாளிலிருந்து நான்கே மாதத்தில் காலாவதி. ஆறு மாதமாவது பாக்கி இருந்தால்தான் விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பீரோவுக்கு முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்துக்கொண்டது.

"உங்க பாஸ்போர்ட்டு உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு கூடவா பாக்க மாட்டீங்க?"

"நான் எங்க போகப்போறேன்னு பாக்கறது? பணம் கட்டறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா ஒரு மாசம் யோசிப்பீங்க!"

"சரி, உங்க அக்காவைத்தானே பாக்கணும், நீ மட்டும் போயிட்டு வா."

"பதினோரு நாள் நான் யாரோட சண்டை போடறது?"

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்டு, போட்டோ எடுத்து, பாஸ்போர்ட் அலுவலக வரிசையில் போய் நின்றார். புதியது கைக்கு வர மூன்று வாரம் ஆகிவிட்டது. அந்த மூன்று வாரமும் விலை ஏறியதே தவிர இறங்கவில்லை. அவள் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து செருப்பே தேய்ந்தது.

கடைசியில் கணவன்தான் அவளை ஒரு டிக்கெட் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை. அந்தக் கட்டடத்து லிப்ட்டை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மேஜைக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பம்பரம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் குறுக்கே பேசவே இல்லை. முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டாள்.

"போறதையும் வர்றதையும் தனித்தனி டிக்கெட்டாவே தேடினீங்களா அக்கா?"

"வேற எப்படித் தேடறது? ரெண்டும் வேற வேற ஊராச்சே."

"ஊரு வேறயா இருக்கலாம், டிக்கெட்டு ஒண்ணா இருக்கலாம். போற ஊரு இது, திரும்பற ஊரு அதுன்னு ஒரே டிக்கெட்டா கேட்டா, இந்த ஊருக்குப் போக வர விலையில பாதி, அந்த ஊருக்குப் போக வர விலையில பாதின்னு சேர்த்துப் போடுவாங்க. எல்லாக் கம்பெனியும் இல்ல. பாதிப் பேரு போடுவாங்க. நடுவுல இருக்கற தூரத்தை எப்படிக் கடக்கறீங்கன்னு அவங்களுக்குக் கவலையில்ல. உங்களுக்குத்தான் கப்பல் இருக்கே."

கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஏதோ தட்டினாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு மாதமாகப் பார்த்த இரண்டு தனி டிக்கெட்டுகளின் கூட்டு விலையில் பாதிக்குச் சற்று மேல்தான். பம்பரம் கணவனைப் பார்த்தாள், கணவன் திரையைப் பார்த்தார்.

"இப்பவே போடுங்க," என்றாள்.

"பொறுங்க. கப்பல் ஏறற அன்னிக்கே போய் இறங்காதீங்க. ப்ளைட் லேட்டாச்சுன்னா கப்பல் நிக்காது. முதல் நாளே போய் ஒரு ரூம் எடுங்க. திரும்பறப்போ ரெண்டு ப்ளைட் இருக்கு. பத்தரைக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறரைக்கு ஒண்ணு. பத்தரை கொஞ்சம் கம்மி."

"பத்தரையே போடுங்க."

"கப்பல் கரையில கட்டறதே ஏழு மணிக்கு. பெட்டி வரணும், வரிசை இருக்கும், ஏர்போர்ட் ஒரு மணி நேரம். என் வீட்டு ஆளுங்கன்னா நான் அதுல போட மாட்டேன்."

"ஆறரை வரைக்கும் தெரியாத ஊருல என்ன பண்றது?"

"உட்காரலாம்," என்றார் கணவன். "எல்லாரும் செய்யறதுதான்."

அவள் முறைத்தாள். ஆனாலும் தலையாட்டினாள்.

நான்கு வாரம் கழித்துக் கப்பலில் ஏறினார்கள். அக்காவை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்ற கனவோடு ஏறியவளுக்கு அங்கே காத்திருந்தது பெரிய ஏமாற்றம். சலவைப் பிரிவு கடல் மட்டத்துக்கும் கீழே. பயணிகள் அங்கே இறங்கக் கூடாது. சலவைக்காரர்கள் பயணிகளின் தளங்களில் வந்து உட்காரக் கூடாது. காலையில் ஒரு பத்து நிமிடம், சாயங்காலம் ஒரு பத்து நிமிடம், சேவைப் படிக்கட்டின் கதவோரம் அக்கா வந்து நிற்பாள். நீலச் சீருடை, கொண்டைமேல் வலை, உடம்பெல்லாம் நீராவி வாசனை.

"சாப்பிட்டியா? நல்லா சுத்திப் பாத்தியா?"

"நீ எப்பக்கா வருவே?"

"ஷிப்ட் இருக்குடி. நாளைக்கு."

பதினோரு நாளும் இப்படியே. கடலைப் பார்த்து ஆளாளுக்கு மெய்மறந்து உட்கார்ந்திருக்க, அவள் மேல்தளத்தை வட்டமடித்தாள். ஒரு வட்டத்துக்கு நானூற்றுப் பத்துக் காலடி. கணவனுக்கு மூன்றாம் நாளே கப்பலின் லிப்ட் மெக்கானிக் சினேகமாகிவிட்டார். பாஷை தெரியாத அந்த ஆளோடு கையசைத்தே மணிக்கணக்கில் பேசினார். "இவ்வளவு தூரம் வந்து, அக்காவைக் கதவிடுக்குல பாக்கவா வந்தேன்?" என்று ஒருநாள் அவரிடம் பொருமினாள். அவர் "இருக்கேன்" என்கிற குரலில் ஏதோ சொன்னார். அவளுக்கு ஆறவில்லை.

கடைசி நாள் காலை இறங்கினார்கள். வரிசையிலிருந்து வெளியே வரவே மணி பத்தரை. பதினொன்றேகாலுக்கு, ஒப்பந்தம் முடிந்து, ஊழியர் வாசல் வழியாக அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள், சீருடை இல்லாமல், பழுப்பு நிறக் கோட்டில். நான்கு வருடத்தில் இளைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு விமானம் மறுநாள்தான், கம்பெனி விடுதியில் அன்றிரவு இடம் கொடுத்திருந்தார்கள். மூன்று மணிக்கு அங்கே போக வண்டி வரும்.

துறைமுகக் காத்திருப்புக் கூடத்தில், கண்ணாடிச் சுவரோரம் மூவரும் உட்கார்ந்தார்கள். கணவன் காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனவர் ஒரு மணி நேரம் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான். அக்காவும் தங்கையும் பேசினார்கள், பேசினார்கள். அக்காவின் இறந்துபோன கணவரைப் பற்றி, மகன் பேசாமலிருந்த ஒரு வருடத்தைப் பற்றி, அம்மா விட்டுப்போன வளையல் யாரிடம் என்ற பழைய சண்டையைப் பற்றி. அழுதார்கள், அதே மூச்சில் சிரித்தார்கள். தங்கை அக்காவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன.

"இதை ஒரு படம் எடுக்கணும்க்கா. சரி, இனிமே கை ஓய்வெடுக்கும்."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "திரும்பவும் கையெழுத்துப் போட்டுட்டேன்டி. ஒன்பது வாரத்துல வேற கப்பல்."

"கடைசின்னியே!"

"அப்படித்தான் நினைச்சேன். போன தடவை மகன் வீட்டுல ரெண்டு மாசம் சும்மா இருந்தேன். பத்தாம் நாளே எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல ஆயிடுச்சு. பேரப்பசங்க பள்ளிக்கூடம் போயிட்டா வீடு அசையவே மாட்டேங்குது. எனக்கு உட்காரத் தெரியலைடி. உனக்குத் தெரியாதா அது?"

தங்கை பையிலிருந்து போனை எடுத்தாள். "அப்படின்னா அந்த ஒன்பது வாரத்துல ரெண்டு வாரம் என் வீட்டுக்கு வா. அங்கேயிருந்தே கப்பலுக்குப் போ," என்றாள். "டிக்கெட்டை நான் பாத்துக்கறேன். உன் மகன் ஊருல ஏறி எங்க ஊருல இறங்கு. அப்புறம் எங்க ஊருல ஏறி கப்பல் ஊருல இறங்கு. எப்படிக் கேக்கணும்னு இப்ப எனக்குத் தெரியும்."

அக்கா வந்தாள். முதல் நாள் தூங்கினாள். இரண்டாம் நாள் இரண்டு பேரும் கடைக்குப் போய் வந்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் கணவன் வேலை முடிந்து வந்தபோது, அடுக்களைச் சாமான் முழுவதும் கூடத்தில் கிடந்தது. நாற்காலிகள்மேல் பாத்திரங்கள், சோபாமேல் டப்பாக்கள். உள்ளே அக்கா ஏணிமேல், தங்கை கீழே, இரண்டு பேர் கையிலும் பிரஷ். முக்கால் சுவர் மஞ்சளாகிவிட்டிருந்தது.

"யாரு பெயின்ட் அடிக்கச் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லல," என்றாள் அக்கா ஏணியிலிருந்து. "சும்மாதானே இருக்கோம்."

உட்கார இடம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஜன்னல் திட்டில் தட்டை வைத்துக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டார்.